உரிமதாரரை அப்படிச் சொல்லக் கூடாது

தையல்காரர் ஓடிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப் காற்றில் பறந்து அவர் முகத்திலேயே அடித்தது. வலது கையை இடது அக்குளுக்குள் சொருகி, திருடிய பொருளைப் போல அழுத்திப் பிடித்திருந்தார். கையை வீசாமல் ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்கறி வண்டியில் இடித்தார். ஒரு சைக்கிளைச் சாய்த்தார். சைக்கிளில் இருந்தவர் அவருடைய பரம்பரையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்ததைக் காதில் வாங்காமல் ஓடினார்.

பின்னால் கனமான காலடிச் சத்தம். அதைவிடக் கனமான மூச்சிரைப்பு.

"மாஸ்டர்! நில்லுங்க மாஸ்டர்! ஒரே ஒரு வரிதான் பாக்கி! சொல்லிடறேன், நில்லுங்க!"

அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் தையல்காரர் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் யார் வேண்டுமானாலும் யாரையும் இஷ்டத்துக்கு அடித்த காலம் ஒன்று உண்டு. அது மலையேறிவிட்டது. அடிதடியை ஒழிக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்து, கைவைப்பு ஒழுங்குமுறை வாரியத்தை உண்டாக்கினார்கள். ஒருவர் மேல் கை வைக்க வேண்டுமென்றால் வாரியத்தில் மனுப் போட வேண்டும். வாரியம் ஆணை கொடுக்கும். உரிமம் பெற்ற ஆள் ஒருவர் ஆணையோடு போவார். கை, கால், பல் என்று ஆணையில் எது இருக்கிறதோ அதை மட்டும் உடைத்துவிட்டு மரியாதையாகத் திரும்பி வருவார். அவருக்குப் பெயர் உரிமதாரர்.

இந்த ஏற்பாட்டால் முதல் வருடத்திலேயே ஊரில் ரவுடிகள் அடியோடு இல்லாமல் போனார்கள். அத்தனை பேரும் உரிமதாரர்கள் ஆகிவிட்டார்கள். இந்தச் சாதனைச் செய்தி எலும்பு முறிவு ஆஸ்பத்திரிக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

கை வைப்பதற்கு முன்னால் உரிமதாரர் மூன்று வரி சொல்ல வேண்டும் என்பது விதி. முகத்துக்கு நேராக, நெஞ்சில் பித்தளை வில்லை தெரிய நின்று சொல்ல வேண்டும். 'வணக்கம். நான் உரிமதாரர். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' மூன்றாவது வரி முடிவதற்கு முன்னால் அவர் தொட்டால் குற்றம். முடிந்த பிறகு நீங்கள் தடுத்தால் குற்றம்.

சற்று முன்பு, தையல்காரர் கட்டிங் டேபிளில் ஒரு பேன்ட் துணியை விரித்துச் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் "வணக்கம்" என்று ஒரு குரல் கேட்டது. வாடிக்கையாளர் என்று நினைத்து, "வாங்க, உக்காருங்க" என்றார். "நான் உரிமதாரர்" என்றது குரல். தையல்காரர் நிமிர்ந்தார். வில்லையைப் பார்த்தார். வந்தவர் கையிலிருந்த குட்டை இரும்புக் குழாயைப் பார்த்தார். குழாயில் கட்டியிருந்த அட்டையில் 'வலது கை, மணிக்கட்டு' என்று எழுதியிருந்ததையும் பார்த்தார்.

டேபிளுக்கு அடியில் புகுந்து பின்வாசல் வழியாக வெளியே பாய்ந்தவர்தான். இன்னும் நிற்கவில்லை.

வலது கை போனால் என்ன என்று கேட்கிறவர்கள் வேறு தொழில் செய்கிறவர்கள். தையல்காரருக்கு அந்தக் கைதான் கடை, வாடகை, வீட்டு அடுப்பு எல்லாம். மனைவி காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள். ஆனால் வெட்டுவது அவர். துணியில் கத்தரி வைக்கும்போது அந்த மணிக்கட்டு திரும்புகிற திருப்பம் ஒன்று இருக்கிறது. அதை இடது கைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. இடது கை முட்டாள்.

தெரு திரும்பியது. எதிரே நான்கு மாடிக் கட்டடம். வாசலில் கொட்டை எழுத்தில் வாரியத்தின் பெயர்.

வாரியக் கட்டடத்துக்குள் டோக்கன் இல்லாமல் யாரும் யார் மேலும் கை வைக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். தையல்காரர் யோசிக்கவில்லை. நாய் துரத்தும்போது நாய்க்காரன் வீட்டுக்குள் புகுந்தவனைப் போல உள்ளே புகுந்தார்.

விசாரணைக் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் ஊக்கால் காது குடைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா! காப்பாத்துங்கம்மா! ஒரு ரவுடி என்னைத் துரத்திக்கிட்டு வர்றான்!"

டைப் அடித்தவர்கள் நிறுத்தினார்கள். மின்விசிறி மட்டும் 'கிறீச் கிறீச்' என்றது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் கவுண்டர் அம்மாள்.

"ரவுடிம்மா! பெரிய குழா..."

பளார்.

அடித்தது வாசல் காவலாளி. அடித்த கையை விறைப்பாக விலாவில் சேர்த்துக்கொண்டு நின்றான். தையல்காரரின் உதட்டோரம் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"உரிமதாரரை அப்படிச் சொல்லக் கூடாது" என்றாள் அம்மாள், பலகை ஒன்றைச் சுட்டிக்காட்டி. அதிலும் அதுதான் எழுதியிருந்தது. "சொன்னா ஒரு அறை. உள்ளேயே ஏற்பாடு இருக்கு, டோக்கன் வேண்டாம். இப்ப சரியா சொல்லுங்க, யாரு துரத்தறாங்க?"

"உ... உரிமதாரர்."

"ஒருமையில சொல்லக் கூடாது. துரத்தறான்னு சொன்னீங்களே?"

"துரத்தறாருங்கம்மா. ரொம்ப மரியாதையா துரத்தறாரு."

"பாத்தீங்களா, இப்ப கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு!"

அந்த நேரம் பார்த்து உரிமதாரர் உள்ளே வந்தார். ஆறடி உயரம், பீப்பாய் உடம்பு, நீலச் சட்டை வியர்வையில் நனைந்து கறுப்பாகியிருந்தது. வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். இரும்புக் குழாயைக் கவுண்டரில் ஒப்படைத்தார். டோக்கன் ஒன்றைக் கிழித்து வாங்கினார். பிறகு நேராக வந்து தையல்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

தையல்காரர் அவசரமாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பயப்படாதீங்க மாஸ்டர். டோக்கன் கூப்பிடற வரைக்கும் நான் வாயைத் தொறக்க மாட்டேன். கூப்பிட்டதும் அந்தச் செயலாக்கக் கவுண்டர்ல வச்சு முடிச்சிடலாம். தண்ணி, பஞ்சு எல்லாம் இருக்கு. சௌகரியம்."

செயலாக்கக் கவுண்டர் என்பது ஒரு மரக்கட்டை. கறிக்கடையில் இருக்குமே, அந்த மாதிரி. அதன் மேல் யாரோ பூப்போட்ட விரிப்பு விரித்திருந்தார்கள். விரிப்பில் கறை.

தையல்காரர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "உங்க சட்டை... காலர் நான் வச்சதாச்சே?"

"ஆமா மாஸ்டர்! ஞாபகம் இருக்கா? வில்லை மாட்ட நெஞ்சுல பட்டி வச்சுக் குடுத்தீங்க. என்ன கை மாஸ்டர் உங்களுக்கு! போட்டா ஒரு கம்பீரம்."

"அந்தக் கையைத்தான் உடைக்க வந்திருக்கீங்க."

"வேலை வேற, பாராட்டு வேற மாஸ்டர்."

அவர் பையிலிருந்து ஒரு சிறு தைல டப்பாவை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டே பேசினார். முன்பு அவருக்கு ஊரில் 'முழங்கை' என்று பெயர். முழங்கையால் இடித்தே மூக்கைப் பெயர்த்துவிடுவாராம். மூத்த மகளுக்கு வந்த வரன்கள் அத்தனையும் 'அந்த ரவுடி வீடா' என்று வாசலோடு திரும்பிப் போயின. உரிமம் வாங்கிய பிறகுதான் வீட்டுக்குள் மனிதர்கள் வந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள். இப்போது இரண்டாவது மகளுக்குக் கல்யாணம்.

"பத்திரிகையில என் பேருக்குக் கீழ 'உரிமதாரர்'னு போட்டு அச்சுக்குக் குடுத்தாச்சு மாஸ்டர். சம்பந்தி வீட்டுல அதைத் தடவித் தடவிப் பாக்கறாங்க. ஆனா விதி ஒண்ணு வச்சிருக்கானுங்க. ஒரு வருஷம் ஒரு கையும் வைக்காம இருந்தா உரிமம் தானா செத்துடும். இந்த வருஷம் எனக்கு ஒண்ணுமே அமையல. இன்னிக்குச் சாயங்காலத்தோட கெடு. உங்க கை ஒண்ணுதான்..."

தையல்காரருக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அடுத்த கணம் அக்குளுக்குள் கை சூடாகத் துடித்தது, பாவம் பறந்துவிட்டது.

"மனுப் போட்டது யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

முழங்கை வாயைப் பொத்திக்கொண்டார். "அது ரகசியம் மாஸ்டர். சொன்னா என் உரிமம் போயிடும்."

"எனக்கு யார் மேலயும் பகை இல்ல. யாருக்கும் நான் ஒரு... ஆங்!"

ஞாபகம் வந்துவிட்டது. மச்சினன்! மனைவியின் தம்பி. போன மாதம்தான் எதிர்வாடையில் கடை போட்டான். கண்ணாடிக் கதவு, பொம்மைக்குச் சட்டை, குளுகுளு மெஷின். ஆனால் அவன் வெட்டினால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. வாடிக்கையாளர்கள் பேன்ட்டை எடுத்துக்கொண்டு தையல்காரரிடமே ஓடி வந்தார்கள். இந்தக் கை போனால் யாருக்கு லாபம்?

தையல்காரர் இடது கையால் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய், என் கையை உடைக்க ஆள் வந்திருக்கு! எல்லாம் உன் தம்பி வேலை!"

"என்னங்க சொல்றீங்க? அவனா?"

"வேற யாரு? எதிர்ல கடை போட்டவன் எவன்?"

மறுமுனையில் ஏதோ இரும்பைத் தூக்குகிற ஓசை.

"இஸ்திரிப் பெட்டி சூடாத்தான் இருக்கு. பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

"வீட்டம்மாவா?" என்றார் முழங்கை. "உரிமம் இருக்கா அவங்களுக்கு?"

* * *

துணை ஆணையரின் அறையில் தையல்காரர் கும்பிட்டபடி நின்றார். கும்பிடவும் வலது கையை வெளியே எடுக்கவில்லை. துணை ஆணையர் குட்டையானவர். மேஜைக்குப் பின்னால் ஒரு மணையின் மேல் நாற்காலி போட்டு உயர்ந்திருந்தார்.

"சார், என் மேல யாருக்கும் பகை கிடையாது. தப்பா ஆணை வந்திருக்கு."

"பகை எதுக்கு?" துணை ஆணையர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "பகை இருந்தாத்தான் அடிக்கணும்னா அது காட்டுமிராண்டித்தனம். எங்களுக்கு மனு போதும். சரி, உங்களைப் பாத்தா படிச்ச களை தெரியுது. உரிமதாரர்னா என்ன அர்த்தம், சொல்லுங்க பாப்போம்."

"உரிமம் வச்சிருக்கறவரு."

"தப்பு! உரிமத்தைப் பீரோவுலகூட வச்சிருக்கலாம். பீரோ உரிமதாரரா?" தன் நகைச்சுவைக்குத் தானே கொஞ்ச நேரம் ஒதுக்கிச் சிரித்தார். "ஓங்கின கைக்கும் விழுற அடிக்கும் நடுவுல ஒரு சொல் நிக்குது. அந்தச் சொல்தான் உரிமதாரர். அது இல்லாட்டி அந்த அடி வன்முறை. இருந்தா சேவை. புரியலையா? செஞ்சே காட்டறேன். டேய், இங்க வா!"

டீ கிளாஸ் எடுக்க வந்த பியூன் நின்றான்.

"இவரை ஒண்ணு விடு."

"நானா சார்?"

"விடுன்னா விடு."

பியூன் தயங்கித் தயங்கித் தையல்காரரின் கன்னத்தில் ஒன்று வைத்தான். துணை ஆணையர் மணியை அழுத்தினார். காவலாளி வந்தான். துணை ஆணையர் காவலாளிக்குக் கண் காட்டினார். காவலாளி மூன்று வரியைக் கடகடவென்று ஒப்பித்து, அதே கன்னத்தில் இன்னொன்று வைத்தான். தையல்காரரின் காதுக்குள் ரயில் ஒன்று புறப்பட்டுப் போனது.

"என்ன வித்தியாசம் தெரிஞ்சுது?"

"ரெண்டும் வலிக்குது சார். ரெண்டாவது கொஞ்சம் கூட."

"அது உடம்பு சொல்றது. சட்டத்தைக் கேளுங்க! முதல்ல அடிச்சவன் உரிமம் இல்லாம அடிச்சான்." அவர் பியூனைச் சுட்டிக்காட்டினார். "என் கண்ணு முன்னாடி, என் அறையில, ஒரு குடிமகன் மேல கை வச்சிருக்கான். இவனை இழுத்துட்டுப் போங்க!"

"சார், நீங்கதானே..." என்று பியூன் ஆரம்பித்தான். காவலாளி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தான். கதவு மூடியது. அதன் பின்னால் சொத் சொத்தென்று சத்தம் கேட்டது. நடுவே பியூன் தன்னைப் பெற்ற தாயைக் கூப்பிட்டான். மேஜை மேலிருந்த கிளாஸ்கள் லேசாக அதிர்ந்தன.

துணை ஆணையர் கண்களை மூடி ரசித்துவிட்டுத் தொடர்ந்தார். "முன்னாடியெல்லாம் பலசாலி பலவீனனை அடிச்சான். ஒரு முறையும் கிடையாது, வரிசையும் கிடையாது. இப்ப? அதே பலசாலி, அதே பலவீனனைத்தான் அடிக்கிறான். ஆனா வரிசையில நின்னு அடிக்கிறான். இதுக்குப் பேருதான் நாகரிகம். போன வருஷம் எங்க ஆளுங்க எத்தனை கை, எத்தனை கால்னு சொன்னா அசந்துடுவீங்க. ஒரு புகார் வந்துச்சா? ஒண்ணு வரல. ஏன்? எழுதக் கை வேணுமில்ல!"

தையல்காரர் காலில் விழப் போனார். துணை ஆணையர் மணையிலிருந்து இறங்க வேண்டியிருக்குமே என்று பயந்து தடுத்தார்.

"இருங்க. ஒரே ஒரு வழி இருக்கு. உரிமதாரர் மேல உரிமதாரர் கை வைக்க முடியாது. தொழில் தர்மம். நீங்களும் உரிமதாரர் ஆயிடுங்க. செய்முறைத் தேர்வு பின்கட்டுல நடக்குது. உங்க ஆளோட டோக்கன் கூப்பிடறதுக்குள்ள தேறிட்டீங்கன்னா, கை உங்களுது."

"நான் யாரையும் அடிச்சதே இல்லையே சார்."

"அதெல்லாம் உரிமம் வந்தா தானா வந்துடும்."

* * *

பின்கட்டு ஒரு நீளமான கூடம். ஒரு மூலையில் வாரியத்தின் நிறுவனருக்கு மார்பளவு வெண்கலச் சிலை. நிறுவனர் தாடையை முன்னே நீட்டி, யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார். சிலைக்குக் கீழே ஸ்டூல் போட்டுத் தேர்வாளர் உட்கார்ந்து, ஆப்பிளைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பிரம்போடு வந்திருந்தார். இன்னொருவர் வாடகைக்கு வீடு விடுகிறவர். கையில் பெரிய சாவிக் கொத்து.

"எனக்கு முன் அனுபவம் இருக்கு" என்றார் ஆசிரியர், கேட்காமலே. "அப்ப யாரும் உரிமம் கேக்கல. இப்ப பசங்க எல்லாம் பெரிய ஆளாயிட்டானுங்க. திருப்பி அடிக்கிறானுங்க. அதான் சட்டப்படி வாங்கிடலாம்னு."

வழக்கமாக இந்தத் தேர்வில் அடி வாங்குவதற்கென்று வாரியத்தில் சம்பளத்துக்கு ஓர் ஊழியர் உண்டு. பதவிப் பெயர், ஏற்பாளர். அன்றைக்கு அவர் விடுப்பில் இருந்தார். முதுகு வலி.

"அப்ப நாளைக்கு வரவா?" என்றார் தையல்காரர்.

"நாளைக்கு உங்களுக்குக் கை இருக்குமா?" என்றார் தேர்வாளர், ஆப்பிளைக் கடித்தபடி. "ஏற்பாளர் இல்லாட்டி என்ன? நீங்க மூணு பேரு இருக்கீங்க. ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்குங்க. மொதல்ல சாயறவங்களைத் தவிர மத்தவங்க பாஸ். ம், ஆரம்பிங்க."

ஆசிரியரின் பிரம்பு 'விஷ்' என்று பாய்ந்து வீட்டுக்காரரின் காதைச் சீவியது. வீட்டுக்காரர் சாவிக் கொத்தைச் சுழற்றினார். அது ஆசிரியரின் நெற்றியில் கோடு போட்டு, சிவப்பு மை ஊற்றியது. ஆசிரியர் பரவசமானார். "நிமிர்ந்து நில்லுடா!" என்று பழைய குரலில் கத்திக்கொண்டு விளாசினார். வீட்டுக்காரர் அவர் வயிற்றில் தலையால் முட்டினார். தையல்காரர் இருவருக்கும் நடுவில் அகப்பட்டு, பிரம்படியையும் சாவியடியையும் பாரபட்சமில்லாமல் வாங்கிக்கொண்டு, இடது கையால் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்றார் தேர்வாளர். "டேப் போட்டவரே, அந்தக் கையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? எந்தக் கையால தொழில் பண்றீங்களோ அந்தக் கையாலதான் தேர்வு. இடது கைக்கெல்லாம் மார்க் கிடையாது."

"சார், இந்தக் கையைக் காப்பாத்தத்தான் நான் தேர்வுக்கே வந்தேன்!"

"அதான் சொல்றேன். காப்பாத்தணும்னா வெளிய எடுங்க."

முன்கூடத்திலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. டோக்கன் எண் ஒன்றைக் கூப்பிட்டது. முழங்கையின் எண்ணுக்கு முந்தைய எண்.

தையல்காரர் அக்குளுக்குள்ளிருந்து கையை எடுத்தார். ரத்தம் ஓடாமல் வெளுத்துப் போயிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். இதுவரை ஊசியையும் கத்தரியையும் மட்டுமே பிடித்த விரல்கள், முஷ்டி என்றால் என்ன என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே கூடின. எதிரே ஆசிரியர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று பிரம்பை ஓங்கினார்.

தையல்காரருக்கு உள்ளே ஏதோ அறுந்தது. காவலாளியின் அறை, பியூனின் அறை, மச்சினனின் கண்ணாடிக் கதவு எல்லாம் சேர்ந்து தோளுக்கு வந்தன. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு குத்து விட்டார்.

ஆசிரியர் அனுபவசாலி. குனிந்துகொண்டார்.

முஷ்டி நிறுவனரின் வெண்கலத் தாடையில் போய் இறங்கியது.

காய்ந்த சுள்ளியைக் காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். தையல்காரர் அலறிய அலறலில் கூரைப் புறா பறந்தது. சிலை ஆடியது. யோசித்தது. பிறகு பீடத்திலிருந்து மூக்குக் குப்புற விழுந்து, தேர்வாளரின் வாயில் தன் தலையை மோதியது. ஆப்பிளும் இரண்டு முன்பற்களும் ஒன்றாக வெளியே வந்தன. தேர்வாளரோடு ஸ்டூல் சாய்ந்தது. ஸ்டூல் இடறி வீட்டுக்காரரும் சாய்ந்தார்.

சிறிது நேரம் கழித்துத் தேர்வாளர் தரையிலிருந்தே கையை உயர்த்தினார். வாயிலிருந்து ரத்தமும் மரியாதையும் சேர்ந்து வழிந்தன.

"ஃபபாஷ்! நிறுவனரையே ஃபாய்ச்சிட்டீங்க! ஃபிறப்புத் தேர்ச்சி!"

* * *

தையல்காரர் முன்கூடத்துக்கு வந்தபோது அவர் நெஞ்சில் புத்தம் புதுப் பித்தளை வில்லை மின்னியது. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே திசை மாறித் தொங்கியது. வீங்கி, நிறம் மாறி, வேறு யாருடைய கையையோ தைத்து வைத்த மாதிரி இருந்தது. அதிலும் தையல் கோணல்.

முழங்கையின் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவர் இரும்புக் குழாயை வாங்கிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, தையல்காரரின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"வணக்கம். நான் உரிமதாரர். தங்கள் ஒத்துழை..."

"வணக்கம்" என்றார் தையல்காரர், பல்லைக் கடித்தபடி. "நானும் உரிமதாரர்."

முழங்கையின் கண்கள் வில்லைக்குப் போயின. அங்கிருந்து கைக்கு இறங்கின. குழாய் கீழே விழுந்தது.

"ஐயோ! யாரு மாஸ்டர் உடைச்சது? என் கையை யாரு உடைச்சது?"

கவுண்டர் அம்மாள் எழுந்து வந்து, ஊக்கின் முனையால் கையைத் தொட்டுப் பார்த்தாள். தையல்காரர் கத்தினார்.

"உடைஞ்சாச்சு. யாரால?"

"என்னாலதாம்மா. நானேதான்."

"நீங்க உரிமதாரர். அப்ப இந்தக் கை உங்க கணக்குல வரவு. வாழ்த்துக்கள், உங்களுக்கு இந்த வருஷத்துக்கு இது போதும்." அவள் முழங்கையின் பக்கம் திரும்பினாள். "உங்க ஆணையில இருக்கற கை இப்ப இல்ல. ஆணை செல்லாது. இன்னிக்குக் கெடு. வேற கை ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்கம்மா. ஒரு நாள் டைம் குடுங்கம்மா. பொண்ணு கல்யாணம். பத்திரிகை அச்சுல இருக்கு..."

அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கவுண்டரின் மடக்குக் கதவை இழுத்து மூடினாள். பிறகு, சாந்தமான குரலில் காவலாளியிடம் சொன்னாள்.

"அந்த ரவுடியை வெளிய தள்ளு."

யாரும் அவளை அறையவில்லை. இப்போது அந்தச் சொல்லுக்குத் தடை இல்லை.

காவலாளி முதலில் வில்லையைப் பிய்த்தான். நெஞ்சுப் பட்டி தையல் விடவில்லை, துணிதான் கிழிந்தது. பிறகு தடி. முழங்கை ஒரு முறைகூடக் கையை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அது வன்முறை. அவருக்கு விதி தெரியும். முதுகில், தோளில், அந்த வலிக்கிற முழங்காலில் என்று அடி விழுந்துகொண்டே இருந்தது. மற்ற காவலாளிகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். டைப் அடிக்கிறவர்கள் எழுந்து நின்று, யார் மறைத்தாலும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவரை வாசற்படியில் உருட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

தையல்காரரின் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"என்னங்க..." என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரியில இருக்கேன். இஸ்திரிப் பெட்டியாலயே தம்பி மண்டையில போட்டுட்டேன். பொம்மையெல்லாம் ரத்தம். இன்னும் கண்ணு முழிக்கல. விழறப்பக்கூட ஒண்ணுதாங்க சொன்னான். 'அக்கா, மாமா கையைப் பாத்துத்தானே நான் தொழிலே கத்துக்கிட்டேன், நான் செய்வேனா'ன்னான். என்னங்க, நிஜமா அவன்தானா? நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

போன் நழுவியது. தையல்காரர் கதவைத் தோளால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

முழங்கை கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடிவிட்டது. கிழிந்த உதட்டால் எதையோ துப்பினார். தெருவில் போகிறவர்கள் நெஞ்சில் வில்லையோடு வந்த தையல்காரரைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார்.

தையல்காரர் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப உங்களுக்கு உரிமம் இல்ல. போறதுக்கும் ஒண்ணும் இல்ல. சொல்லுங்க. மனுப் போட்டது என் மச்சினனா?"

"யாரு, எதிர்க் கடைத் தம்பியா? சேச்சே! அது நல்ல பையன்."

"அப்ப யாரு?"

முழங்கை வீங்கிய முழங்காலைத் தடவினார். தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் மாஸ்டர். இன்னிக்குக் கெடு, யாரும் மனுப் போடல, ஒரு கை வேணும். உங்க மேல ஒரு கோபமும் இல்ல. உங்க கடைதான் எங்க வீட்டுக்குப் பக்கம். இந்தக் காலை வச்சுக்கிட்டு அதுக்கு மேல நடக்க முடியாது."

அவர் மூச்சு வாங்கினார்.

"நீங்க ஓடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல, மாஸ்டர்."